அடுப்படி இருந்த பக்கம்

லாரி, சக்கரம் பூட்டிய அந்தத் தகட்டு வீட்டை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. காலையில் பெய்த மழையில் அலபாமாவின் சிவப்பு மண் சேறாகக் குழைந்து கிடந்தது. நோவலீன் தன் பழைய காரில் சாய்ந்து நின்று, சாலை வளைவில் வீடு ஆடி ஆடி வருவதைப் பார்த்தாள். ஜன்னல்கள் பூட்டியிருந்தன. கூரை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள் படபடத்தது. ஊர்வலம் வரும் சவப்பெட்டி மாதிரி இருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது. அதை உடனே துடைத்துப் போட்டாள். அவளுக்கு அப்படியெல்லாம் நினைக்க வசதி இல்லை.

புருஷன் விட்டுப் போனபின், வாடகை வீடும் தீயில் போனபின், மூன்று மாதம் மகள் டெஸ்ஸாவோடு அந்தக் காரில்தான் குடித்தனம். பெட்ரோல் பங்கில் பல் விளக்கி, கோழித் தொழிற்சாலையில் வேலைக்குப் போய், பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு. யாரோ பார்த்துத் தகவல் கொடுத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையை அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் வைத்தார்கள். நீதிபதி கடுமையானவர் இல்லை. ஆனாலும் சொன்னதைச் சொல்லிவிட்டார்: அறுபது நாளுக்குள் ஒரு நிலையான கூரை, குழந்தைக்குத் தனிக் கட்டில், அடுப்பு, குளிருக்குக் கணப்பு. இல்லையென்றால் பிள்ளை இல்லை.

நாற்பத்தோராவது நாள் இந்த வீடு கிடைத்தது.

வீட்டைப் பேசிக் கொடுத்தவரும், அதைக் கல்லடுக்கி நிறுத்த வந்தவரும் ஹோய்ட். அறுபது வயது, வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி. இப்படி இழுத்து வந்த வீடுகள் வரிசையாக நிற்கும் அந்த ட்ரெய்லர் பார்க்கில் முப்பது வீடுகளையும் நிறுத்தியவர் அவர்தான். கீழே படுத்து ஜாக்கி வைத்து, மட்டம் பார்த்து, புயலுக்குப் பறக்காமலிருக்க இரும்புப் பட்டைகளை மண்ணில் திருகி இறக்கினார். நோவலீன் உள்ளே சுற்றிப் பார்த்தாள். இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, நீளமாக ஒரு நடை. அந்த நடையின் ஒரு பக்கச் சுவர் மட்டும் வெறும் ஒட்டுப்பலகை. தரையில் பூப்போட்ட விரிப்பு அந்தப் பலகைவரை வந்து, பாதிப் பூவோடு நின்றுவிட்டது.

"இங்க என்ன ஹோய்ட், இந்தச் சுவரு மட்டும் பெட்டிக்கடை மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

"பாதி வீடும்மா இது." அவர் சேற்றைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "பெரிய வீடுன்னா தொழிற்சாலையில ரெண்டு பாதியாத்தான் செய்வான். ரெண்டு லாரியில கொண்டாந்து, நடுவுல சேர்த்து போல்ட்டு போடுவோம். அந்தச் சேர்மானத்துக்கு எங்க தொழில்ல கல்யாணக் கோடுன்னு பேரு. வெளியில தகட்டைப் போய்ப் பாரு. நம்பர் கடைசியில 'பி'ன்னு இருக்கும். 'ஏ' பாதியிலதான் அடுப்படி, கூடம் எல்லாம் இருந்திருக்கும்."

"அந்தப் பாதி எங்க?"

"கல்யாணத்தைத் தீர்த்துக்கிட்டுப் போயிருச்சு." தீக்குச்சி வாயின் மறு ஓரத்துக்கு நகர்ந்தது. அவர் சிரிக்கவில்லை. "உனக்குச் சின்னதா ஒரு சிங்க்கும் அடுப்பும் இந்த மூலையில வச்சுத் தரேன். பாக்க வர்ற ஆபீசருக்கு அது போதும்."

போதும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

மூன்றாம் நாள், வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, டெஸ்ஸாவின் கட்டிலுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். பிப்ரவரி மாதம். ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் சாம்பல் பூத்துவிடும். நாள் முழுக்கக் கோழித் தொடையில் எலும்பெடுத்த விரல்கள் மடங்க மறுத்தன. அப்போதுதான் நடையில் சத்தம் கேட்டது.

ஒரு இழுப்பறை திறந்தது. கரண்டிகள் குலுங்கின. இழுப்பறை மூடியது.

அவள் போய்ப் பார்த்தாள். மூலையிலிருந்த அவளுடைய அடுப்புக்கு இழுப்பறையே கிடையாது.

பிறகு குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம். ஈரக் கையை யாரோ துணியில் துடைக்கிற நேரத்துக்கு ஒரு அமைதி. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. எல்லாம் அந்தப் பலகைக்குப் பின்னால். பக்கத்து வீட்டு ஓசை சுவர் வழியே வருகிற மாதிரி, அத்தனை சாதாரணமாக.

நோவலீன் வாசல் வழியே இறங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அந்தப் பக்கம் வீடு இல்லை. ஆள் இல்லை. இடுப்பளவு காய்ந்த புல் வெறிச்சென்று நின்றது. தொலைவில் கோழிப் பண்ணைக் கொட்டகைகளின் தகரக் கூரை. அவள் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பனிக்கட்டி போல் சில்லென்றிருந்தது.

உள்ளே வந்து, பலகையின் மேல் அதே கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பெரிகிற வீட்டின் சுவர் போல.

பன்றிக் கொழுப்பில் வெங்காயம் வதங்குகிற வாசனை மெல்லப் பரவியது. அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பயத்துக்கு நடுவிலும் வாயில் எச்சில் ஊறியது. அதுதான் அவளை அதிகம் அச்சுறுத்தியது.

அதன்பின் தினமும் ஐந்து மணிக்கு அதே சத்தம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? புத்தி பேதலித்தவள் என்று கோப்பில் எழுதுவார்கள். புத்தி பேதலித்தவளிடம் பிள்ளையைத் தருவார்களா?

இன்னொன்றும் நடந்தது. வீடு சாய்ந்தது. தரையில் விழுந்த மாத்திரை ஒன்று உருண்டு உருண்டு பலகைச் சுவரடியில் போய் நின்றது. ஹோய்ட் வந்து, கீழே புகுந்து, மறுபடி மட்டம் பார்த்தார். நான்கு நாளில் மறுபடி சாய்ந்தது.

"அந்தப் பக்கம் பீரோ கீரோ ஏதாச்சும் ஏத்தி வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"என்கிட்ட பீரோவே இல்ல ஹோய்ட்."

"கல்லு மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கு. இந்த எடைக்கு அப்படிப் புதையாது." அவர் முழங்கையில் ஒட்டிய செம்மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முழு வீட்டுப் பாரம் ஏறின மாதிரி இருக்கு."

ஐம்பதாவது நாள் டெஸ்ஸாவை அழைத்து வந்தார்கள். பத்து நாள் சோதனைக் காலம். அதன் கடைசி நாளான வியாழக்கிழமை ஐந்து மணிக்குக் குழந்தைகள் நல அதிகாரி மிஸ் ப்ரூயிட் வீட்டை வந்து பார்ப்பார். அவருடைய அறிக்கைதான் எல்லாம். பிள்ளை மெலிந்து போயிருந்தாள். காரிலிருந்து இறங்கியதும் அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு தன் அறையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"இது என் கட்டிலா? யார்கூடயும் படுக்க வேண்டாமா?"

"உன்னோடதுதான் கண்ணு. நீ ராணி மாதிரி உருண்டு படு."

அன்று மாலை ஐந்து மணிக்கு நோவலீன் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். மறுநாளும் வைத்தாள். மூன்றாம் நாள் துணி துவைக்கும் கொட்டகைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, டெஸ்ஸா நடையில் பலகைச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயம் இல்லை. சிரிப்பு இருந்தது.

"என்னடி பண்றே?"

"ஷ்ஷ்... அந்தம்மா கூப்பிடுறாங்க."

"எந்தம்மா?"

"அந்தப் பக்கத்து அம்மா. கை கழுவிட்டு சாப்பிட வாடி கண்ணுன்னு சொல்றாங்க." பிள்ளை குரலைத் தாழ்த்தினாள். "போகட்டுமா?"

நோவலீன் அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். காரின் பின் சீட்டில் உட்கார வைத்து, கதவைப் பூட்டிவிட்டு, பார்க்கின் கோடியிலிருந்த ஹோய்ட்டின் கொட்டகைக்கு நடந்தாள். நடந்த வேகத்தில் கோபம் இருந்தது. போய்ச் சேருவதற்குள் கோபம் கரைந்து, கெஞ்சல்தான் மிஞ்சியது.

"அந்த வீட்ல என்ன நடந்துச்சு ஹோய்ட்? பொய் சொல்லாதீங்க."

அவர் தீக்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அதை எடுத்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சூறாவளிம்மா. நாலு வருஷம் முன்ன, இதே மாசம், சாயங்கால நேரம். நடுக்கோடோட சரியா பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கத்தி வச்சு அறுத்த மாதிரி. இந்தப் பாதியில ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையல. பெண் குழந்தை ஒண்ணு கட்டில்ல தூங்கிட்டிருந்துச்சாம். அதுக்கு ஒரு கீறல் இல்ல."

"அதோட அம்மா?"

"லுரேன் ஹட்டோன்னு பேரு. அடுப்படியில நின்னு சமைச்சுக்கிட்டிருந்தாங்க." அவர் தீக்குச்சியை விரலிடையில் உருட்டினார். "தகரம் கிடைச்சது, ஒரு நாற்காலி கிடைச்சது. அவங்க கிடைக்கல. ஒரு வாரம் தேடுனோம். நானும்தான் தேடுனேன்."

"தெரிஞ்சே எனக்கு இதைக் குடுத்தீங்களா?"

"வேற என்னத்தக் குடுக்குறது? நீ கார்ல கெடந்த. பிள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. தங்க இடமில்லாதவளுக்கு ஆவி பெருசா, கூரை பெருசா?" அவர் அவள் கார் நின்ற பக்கம் பார்த்தார். "அவ நல்லவம்மா. கெட்டது செய்ய மாட்டா."

"அவளுக்குத் தன் பிள்ளை எதுன்னு தெரியுமா?"

ஹோய்ட் தீக்குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே போய்விடலாம் என்றுதான் மனது துடித்தது. எங்கே போவது? மறுபடி காருக்கா? காருக்குப் போன மறுநிமிடம் பிள்ளை கைவிட்டுப் போவாள், இந்தத் தடவை திரும்பவே மாட்டாள். வியாழக்கிழமை வரை. வியாழக்கிழமை மட்டும் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் எப்படியாவது வேறு இடம் பார்க்கலாம். அதுவரை, வேலை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கே போய் டெஸ்ஸாவைக் கூட்டிக்கொண்டு, ஆறு மணிவரை நூலகத்திலோ கடைத்தெருவிலோ சுற்றிவிட்டு வந்தாள். பிள்ளை ஒவ்வொரு நாளும் கேட்டாள்: "அவங்க காத்திருப்பாங்களேம்மா."

வியாழக்கிழமை வந்தது. நோவலீன் மூன்று மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். இரண்டே முக்காலுக்குத் தொழிற்சாலையில் கோழிகளைத் தொங்கவிட்டு நகர்த்தும் இயந்திரம் நின்றுபோனது. தொங்கிக்கொண்டிருந்த கோழிகளை எல்லாம் கையால் இறக்க வேண்டும், ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று மேற்பார்வையாளர் கதவருகே நின்றார். கைபேசி பூட்டிய அலமாரிக்குள். "என் பொண்ணு சார்" என்றாள். "எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றார் அவர். அரைமணி நேரம் கெஞ்சினாள், இரண்டு மணி நேரம் வேலை செய்தாள். கடைசியில் ஏப்ரனைக் கழற்றி அவர் காலடியில் எறிந்துவிட்டு ஓடினாள். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் இல்லை. பஸ் பிள்ளைகளை எப்போதோ வீடுகளில் இறக்கிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தே முக்கால். சேற்றில் புதிய டயர்த் தடம் தெரிந்தது. யாரோ வந்து போயிருக்கிறார்கள். மிஸ் ப்ரூயிட்டாகத்தான் இருக்கும். வந்திருக்கிறார், வீட்டில் பெரியவர்கள் இல்லாததைப் பார்த்திருக்கிறார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் முடிந்தது.

பிறகு படிக்கட்டில் டெஸ்ஸாவின் பள்ளிப் பையைப் பார்த்தாள்.

"டெஸ்ஸா!"

முதல் அறை. யாருமில்லை. இரண்டாவது அறை. யாருமில்லை. குளியலறைத் திரையை இழுத்துப் பார்த்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள்.

அப்போது பிள்ளை சிரித்தாள்.

பலகைக்குப் பின்னால்.

தட்டில் முள்கரண்டி உரசியது. யாரோ தணிந்த குரலில் ஏதோ சொன்னார்கள். டெஸ்ஸா மறுபடி சிரித்தாள். வாய் நிறையச் சாப்பாட்டோடு சிரிக்கிற சிரிப்பு.

சிங்க்கடியில் ஹோய்ட் மறந்துவிட்டுப் போன சுத்தியல் கிடந்தது. அதன் பிளவுப் பக்கத்தைப் பலகையின் விளிம்பில் செருகி நெம்பினாள். ஆணிகள் கீச்சிட்டன. பலகை பிய்ந்தது. உள்ளே மஞ்சள் பஞ்சு. இரண்டு கையாலும் வாரி எறிந்தாள். கையெல்லாம் அரித்தது. அதன் பின்னால் வெளித்தகடு. அதையும் அடித்தாள். வளைந்தது, கிழிந்தது. கிழிசல் வழியே குளிர் காற்று முகத்தில் அறைந்தது.

காய்ந்த புல். இருட்டிக்கொண்டு வரும் வானம்.

சிரிப்புச் சத்தம் அவள் முகத்துக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில், வெறும் காற்றிலிருந்து வந்தது.

நோவலீன் மண்டியிட்டாள்.

"அம்மா," என்றாள். அந்தக் காற்றை வேறு எப்படி அழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "லுரேன் அம்மா. அவ என் பொண்ணு. உங்க பொண்ணு பத்திரமா இருக்கா. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்ல. கேக்குதா? எனக்கு இவளை விட்டா யாருமில்ல. காரு இருக்கு, வேலை இன்னிக்குப் போச்சு, வேற ஒண்ணுமில்ல. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். தந்துடுங்க."

கரண்டிச் சத்தம் நின்றது.

அந்த மௌனம் ஏதோ ஒன்று திரும்பிப் பார்க்கிற மௌனமாக இருந்தது.

பிறகு, காதோரம், சூடான மூச்சோடு, ஒரு பெண் குரல். கோபம் இல்லாத, களைத்த குரல்.

"இன்னும் சாப்பிட்டு முடிக்கலையே."

நோவலீனால் எழவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. கிழிந்த சுவரின் முன்னால் முட்டிபோட்டபடியே காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்பட்டது. குழாய் திறந்து மூடியது.

பின்னாலிருந்து சின்னக் காலடி.

டெஸ்ஸா தன் அறை வாசலில் நின்றாள். வாயோரம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. தலைமுடி இரண்டாக வகிர்ந்து இறுக்கிப் பின்னியிருந்தது. காலையில் நோவலீன் அதைச் சும்மா ஒரு ரப்பர் வளையத்தில் கட்டி அனுப்பியிருந்தாள்.

"ஏம்மா சுவரை உடைச்சிட்டே? அவங்க வீட்டுக்குக் குளிருமே," என்றாள் பிள்ளை.

அன்றிரவு காரில் படுத்தார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க ஆறு இடத்துக்குப் போன் பண்ணினாள். பெண்கள் விடுதியில் இடமில்லை. அத்தை மகள் எடுக்கவில்லை. சனி, ஞாயிறு அப்படியே போயின. திங்கட்கிழமை காலையில் கைபேசி அடித்தது. மிஸ் ப்ரூயிட். உடனே அலுவலகம் வரச் சொன்னார். நோவலீன் டெஸ்ஸாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பிள்ளையைத் தொடுவது இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டுதான் பிடித்திருந்தாள்.

மிஸ் ப்ரூயிட் சிரித்த முகமாக எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. வியாழக்கிழமை உங்களைப் பாக்க முடியல. வேலையில மாட்டிக்கிட்டீங்கன்னு அவங்க சொன்னாங்க. பரவாயில்ல."

"யாரு சொன்னாங்க?"

"உங்க வீட்ல இருக்கிறவங்கதான்." அவர் கோப்பைப் புரட்டினார். "நீங்க ஒண்டியாதான் இருக்கீங்கன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்பதான் எனக்கு நிம்மதி. எவ்வளவு நல்ல வீடு. கூடம் பெருசா, அடுப்படி சுத்தமா. எனக்கும் ஒரு தட்டு வச்சுட்டாங்க, விடவே இல்ல." நெற்றியை லேசாகத் தேய்த்துக்கொண்டார். "அங்கேருந்து எப்படி வீடு வந்து சேர்ந்தேன்னுதான் சரியா ஞாபகமில்ல. அன்னிக்கு ரொம்ப அலைச்சல்."

நோவலீன் வாயைத் திறந்தாள். டெஸ்ஸா அண்ணாந்து அவளைப் பார்த்தாள்.

"பிள்ளை உங்களோடயே இருக்கலாம்னு எழுதிட்டேன்," என்றார் மிஸ் ப்ரூயிட். "ஒரே நிபந்தனை. அதே விலாசத்துல, அந்தம்மாவும் கூடவே இருக்கணும். நீங்க வேலைக்குப் போற நேரத்துல பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணுமில்ல? இடம் மாத்துனா முதல்லேருந்து விசாரணை. பிள்ளை அதுவரைக்கும் வெளியில. புரியுதா? அவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்க அதுக்குக் கீழ போட்டாப் போதும்."

தாள் மேஜைமேல் நகர்ந்து வந்தது. 'வீட்டில் வசிக்கும் பெரியவர்கள்: இருவர்.' முதல் வரிசையில், நிதானமான சாய்வெழுத்தில், லுரேன் ஹட்டோ. பக்கத்துக் கட்டத்தில், 'குழந்தைக்கு உறவு' என்ற இடத்தில், அதே கையெழுத்தில் ஒரே சொல்.

அம்மா.

மிஸ் ப்ரூயிட் அதைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் டெஸ்ஸாவின் பக்கம் குனிந்து, வியாழக்கிழமையிலிருந்து அவிழாத பின்னலைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

இந்தப் பெண் உயிரோடு இல்லை என்று சொல்லலாம். சொன்னால் இந்த அறையிலிருந்து பிள்ளை வேறு கதவு வழியாகப் போவாள். நோவலீன் பேனாவை எடுத்தாள். இரண்டாவது வரிசையில் தன் பெயரை எழுதினாள்.

எழுதி முடித்து, தாளை அழுத்திப் பிடித்திருந்த இடது கையை எடுத்தபோது, மேல் வரிசையில் பட்டிருந்த மணிக்கட்டில் ஏதோ ஈரம் உறைத்தது. திருப்பிப் பார்த்தாள்.

நான்கு நாளைக்கு முன் லுரேன் போட்ட கையெழுத்து அவள் தோலில் நீலமாக ஒட்டியிருந்தது. இன்னும் காயவில்லை.